ஆய்வேட்டைத் திருப்பிக் கேட்கப் போன பஸ்

கரக்,
திங்கட்கிழமை, நண்பகல் தொழுகைக்குப் பின்.

அறிவிலும் பொறுமையிலும் தன் தாயைக் கொண்டு பிறந்த என் மூத்த மகள் அரீஜுக்கு, உன் தந்தை ஹாயெல், ஓட்டுநர் உரிமத் தேர்வாளர் (ஓய்வு), ஆயிரம் ஸலாம்களுடன் எழுதிக்கொள்வது. இறைவன் உனக்கு நீண்ட ஆயுளையும், மாதபாவில் உன் அத்தை வீட்டில் நல்ல தூக்கத்தையும் தருவானாக. இங்கே நாங்கள் அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த உன் அம்மா, "யாரு நலம்? கடுதாசிலயுமா பொய்?" என்று கேட்டுவிட்டாள். ஆகவே திருத்தி எழுதுகிறேன். கொல்லையில் இருக்கும் ஆடுகள் நலம்.

நீ போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். இருக்கட்டும், அது உன் உரிமை. நேற்று உன் அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டேன். நான் வாயையே திறக்கவில்லை, மூச்சுச் சத்தத்தைக் கேட்டே ஆளைக் கண்டுபிடித்து இணைப்பைத் துண்டித்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் நான் அதிகம் எழுதியது 'தேறவில்லை' என்ற ஒரே சொல். அதற்கு மேல் எழுத வேண்டி வரும் என்று நினைத்ததில்லை. மூன்று தாள் கிழித்துப் போட்டாகிவிட்டது. வெட்கமாக இருக்கிறது என்று முதல் வரியிலேயே எழுதினால் இரண்டாவது வரிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன் தாயே, மதிப்பெண்ணை நீயே போட்டுக்கொள்.

போன செவ்வாய்க்கிழமை உன் அறைக்குள் நான் நுழைந்தது போன் சார்ஜர் தேடி. சார்ஜர் என் சட்டைப் பையிலேயே இருந்தது என்பது பிற்பாடு தெரிந்தது. உன் மேசைமேல் ஒரு தாள். 'ஆய்வேட்டுக்குப் பதிலாக மாற்று வழி கோரும் விண்ணப்பம்' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டு, கீழே உன் பெயர், பதிவு எண், சமூகப்பணி முதுகலை, துறைத் தலைவரின் முத்திரை. அதை மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். நீ ஆய்வேடு எழுதப் போகிறாய் என்று நான் கரக் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். பள்ளிவாசலில் சொன்னேன், முடிவெட்டும் இடத்தில் சொன்னேன், கேஸ் சிலிண்டர் வண்டிக்காரனிடம்கூட வண்டியை நிறுத்திச் சொன்னேன். ரொட்டிக் கடை பர்ஜஸ் மகன் தக்காளிச் செடியைப் பற்றி ஆய்வேடு எழுதினானே, நினைவிருக்கிறதா? அரங்கத்தில் மூன்று பேராசிரியர்கள் அவனைக் கேள்வி கேட்டுக் குடைய, அவன் பதில் சொல்ல, கடைசியில் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லித் 'தேறினார்' என்று அறிவிக்க, பெண்கள் குலவையிட, கனாஃபா இனிப்புத் தட்டு கைமாற... அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு ரொட்டி அடுப்புக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறான் பர்ஜஸ். ஆறு வருஷமாகத் தினமும் காலையில் அந்தத் தக்காளிப் பயலின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நான் ரொட்டி வாங்குகிறேன். இதே மாதிரி நீயும் கறுப்பு அங்கியோடு நிற்க, முதல் வரிசையில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கோட்டுகூட துவைத்து வைத்தாகிவிட்டது.

உடனே உன் துறை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த குமாஸ்தா பொறுமைசாலி. "ஹாஜி, பட்டம் வாங்க மூணு வழி இருக்கு. ஒண்ணு ஆய்வேடு, அது ஒம்பது மணி. ரெண்டாவது, கூட ரெண்டு பாடம் படிச்சிட்டு எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பரீட்சை. மூணாவது களத்திட்டம்" என்றான். "ஒம்பது மணி நேரத்துல முடியுற வேலையையா எம்பொண்ணுகிட்டேர்ந்து புடுங்குறீங்க?" என்று கேட்டேன். அது பாட மணிக் கணக்காம், எழுதி முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகுமாம். "அவ எந்த வழில இருக்கா?" "அதைப் போன்ல சொல்லக்கூடாது ஹாஜி. ஆனா எந்த வழில போனாலும் பட்டம் ஒண்ணுதான், வித்தியாசம் கிடையாது." நான் நம்பவில்லை. கியர் வண்டியில் திணறுகிறவர்களுக்கு ஆட்டோமேட்டிக் உரிமம் கொடுத்து அனுப்புவோமே, அவர்களிடம் நானும் இப்படித்தான் சொல்லுவேன், எல்லாம் உரிமம்தான் என்று. என் மகளை ஆட்டோமேட்டிக்குக்குத் தள்ளிவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். பரீட்சையாக இருந்தாலாவது மனசு கொஞ்சம் ஆறும், பரீட்சையின் அருமை எனக்குத் தெரியும். களத்திட்டம் என்றால் வயல்வெளியில் ஏதோ செய்யச் சொல்கிறார்கள் போலிருக்கிறது, அதற்குப் பர்ஜஸ் மகனே போதுமே என்று நினைத்தேன்.

உன் அம்மா சொன்னாள். "அவ வியாழக்கெழம வருவா. வந்ததும் அவகிட்டயே ஒரு வார்த்த கேளுங்க." இந்த வீட்டில் எப்போதும் சரியான பேச்சு அவள் வாயிலிருந்துதான் வரும், அதைக் கேட்காமல் போவது நானாகத்தான் இருக்கும். நீ வியாழக்கிழமை வந்தாய். உனக்கு முட்டை பொரித்துக் கொடுத்தேன். மறுநாள் மாலைக்கு ஏற்பாடெல்லாம் முடிந்துவிட்டது, ஆனால் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் முகத்தைப் பார்த்தபோது, பாவம், வெளியே சொல்ல முடியாமல் உள்ளுக்குள் அழுகிறாள் என்று நானே எண்ணிக்கொண்டேன். பிறகுதான் தெரிகிறது, உனக்கு அன்று பல்வலி.

ஏற்பாடு என்றால் என்ன என்பதை இப்போது எழுத வேண்டும். இங்கேதான் பேனா நகர மாட்டேன் என்கிறது. உனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் நம் வீட்டு வாசலில் எத்தனை ஜாஹா வந்து உட்கார்ந்திருக்கிறது? தம்பிக்கு உரிமம் வேண்டும், மருமகனுக்கு உரிமம் வேண்டும் என்று பெரியவர்களைத் திரட்டிக்கொண்டு வருவார்கள், நான் காபி ஊற்றுவேன், அவர்கள் கோப்பையைத் தொடாமல் முன்னால் வைத்துக்கொண்டு, "நீ சரின்னு சொன்னாத்தான் குடிப்போம் ஹாயெல்" என்பார்கள். வந்தவர்கள் குடிக்காமல் எழுந்து போனால் வீட்டுக்காரனுக்கு அது எவ்வளவு பெரிய மானக்கேடு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மானக்கேட்டை இருபத்தாறு வருஷம் பட்டேன். ஒருவனுக்கும் காபிக்காகக் கையெழுத்துப் போட்டதில்லை. ஊரில் நம் வீட்டுக்கு 'ஆறின காபி வீடு' என்று பெயர் வைத்தார்கள். நீ பள்ளிக்கூடத்தில் அந்தப் பேச்சைக் கேட்டு அழுதுகொண்டு வந்தபோது, பெருமைப்படு என்று சொன்னவன் நான். அதே நான்தான் போன புதன்கிழமை துகைம் பெரியப்பா வீட்டுக்குப் போய், "அண்ணே, பேராசிரியை வீட்டுக்கு ஒரு ஜாஹா போவணும், எம்பொண்ணோட ஆய்வேட்டத் திருப்பி வாங்கணும்" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன் வாயாலயா இதைக் கேக்குற?" என்றார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இருபத்துமூன்று பேர், ஒரு கோஸ்டர் மினி பஸ். ஓட்டியவன் அவ்வாத். அவனை நான் மூன்று முறை பெயிலாக்கி நான்காவது முறை பாஸ் போட்டேன், அருமையாக ஓட்டுகிறான். அம்மான் நகரில் உன் பேராசிரியை டாக்டர் லமீஸ் வீடு ஆறாவது மாடி. லிப்ட்டில் நாலு பேர்தான் கொள்ளும். பெரியவர்கள் முதலில் போக வேண்டும், ஆனால் எல்லோரும் சேர்ந்துதான் வாசலுக்குள் நுழைய வேண்டும் என்று உன் பெரியப்பா சட்டம் போட்டதால், முதல் நடையில் போனவர்கள் கடைசி நடை வரும்வரை ஆறாவது மாடித் தாழ்வாரத்தில் சுவரோரமாக நின்றோம். எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து பார்த்து, எங்கள் அங்கிகளையும் தலைத்துணிகளையும் கண்டு, "மப்ரூக், மப்ரூக்" என்று வாழ்த்திவிட்டு மூடிக்கொண்டாள். கதவைத் திறந்தவர் டாக்டரம்மாவின் கணவர், பல் டாக்டர். வீட்டு உடுப்பில் இருந்தார். இத்தனை ஆண்கள் முறையாக வந்து நின்றால் பெண் கேட்காமல் வேறெதற்கு இருக்கும், அந்த மனிதருக்கும் ஒரு பெண் இருக்கிறாள், முகம் வெளுத்துவிட்டது. உன் பெரியப்பா தொண்டையைச் செருமி, இறைவனைப் புகழ்ந்து, நம் குலத்தைப் புகழ்ந்து, அவர் குலம் எதுவென்று தெரியாததால் பல் வைத்தியத்தைப் புகழ்ந்து, "ஒரு பொண்ணு விஷயமா உங்க வாசலுக்கு வந்திருக்கோம்" என்றார். "அவ இன்னும் படிச்சிட்டிருக்கா, பெரியவரே" என்றார் அவர். "அதுக்குத்தானே வந்திருக்கோம், அந்தப் படிப்பை நிறுத்திட்டாங்களே." "யாரு நிறுத்தினா? நாங்க நிறுத்தல." "உங்க வீட்டம்மாதான்." அந்த மனிதர் உள்ளே பார்த்து மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

டாக்டரம்மா வந்து உட்கார்ந்தார். சின்ன உருவம், ஆனால் அவர் உட்கார்ந்ததும் நாங்கள் எல்லோரும் காலைச் சேர்த்து வைத்துக்கொண்டோம். காபி வந்தது. தண்ணீரில் பொடியைக் கலக்கும் வகை, அதைக் குடிக்காமல் இருப்பது எங்களுக்குப் பெரிய தியாகமாக இருக்கவில்லை. பெரியப்பா கோப்பையைக் கீழே வைத்தார், இருபத்துமூன்று பேரும் வைத்தோம். நாற்காலி ஒன்பதுதான், மற்றவர்கள் தரையில். பெரியப்பா விஷயத்தைச் சொன்னார். டாக்டரம்மா என்னைத்தான் பார்த்தார். "சார், உங்க பொண்ணோட விஷயத்தை அவளைக் கேக்காம உங்ககிட்ட பேச எனக்கு அனுமதி இல்லை. காபியைக் குடிங்க, அவகிட்ட பேசுங்க." நான் சும்மா இருந்திருக்கலாம். "மறைக்க என்னம்மா இருக்கு, எல்லாம் எங்க கையில இருக்கு" என்று சொல்லிப் பையிலிருந்து உன் விண்ணப்பத்தை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு மெதுவாக என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இதுக்குப் பின்பக்கமும் இருக்கு சார். படிச்சீங்களா? இப்ப இங்க வேண்டாம். வீட்டுக்குப் போயி தனியாப் படிங்க." அரீஜ், இருபத்தாறு வருஷம் நான் ஊர்ப் பிள்ளைகளிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான், வண்டியை நகர்த்துவதற்கு முன் பின்னால் பார். பின்னால் பார்க்காதவனை அந்த இடத்திலேயே இறக்கிவிட்டிருக்கிறேன். மூன்று நாள் பையில் வைத்திருந்த தாளை நான் திருப்பிப் பார்க்கவில்லை.

என்னிடம் அப்போது மூக்குக்கண்ணாடி இல்லை. உன் பெரியப்பா தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நாங்க ஒளிச்சு மறைச்சுப் பேசுற ஆளுங்க இல்ல டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டு, கல்யாண வீட்டில் ஒப்பந்தம் வாசிக்கும் அதே குரலில் வாசித்தார். மாற்று வழி கோருவதற்கான காரணம். ஒன்று: மருத்துவமனையில் சிறுநீரகச் சிகிச்சைக்கு வர வேண்டிய மலைக்கிராமத்து நோயாளிகளுக்கு இப்போது தேவைப்படுவது புத்தகம் அல்ல, வண்டி. அந்த வேலையை நான் தொடங்கிவிட்டேன், அதையே என் திட்டமாக ஏற்க வேண்டுகிறேன். இரண்டு: ஆய்வேட்டு விவாதம் யாரும் வரக்கூடிய அரங்கில் நடக்கும். என் தந்தை குறைந்தது ஒரு பஸ் ஆட்களுடன் வருவார். அவரைத் தடுக்க என்னால் முடியாது. வர வேண்டாம் என்று சொல்லி அவர் மனதை நோகடிக்கவும் எனக்கு விருப்பம் இல்லை.

பெரியப்பா தாளை இறக்கிவிட்டு, "பஸ் இல்லையே, கோஸ்டர்தானே" என்றார். அப்போதுதான் திறந்திருந்த வாசலில் நீ நின்றதைப் பார்த்தேன். கையில் நீல அட்டை போட்ட கோப்பு. திட்ட அறிக்கையை டாக்டரம்மாவிடம் காட்ட வந்திருக்கிறாய். கீழே கரக் எண் பலகையோடு நின்ற பஸ்ஸைப் பார்த்துவிட்டுத்தானே ஏறி வந்தாய்? அப்படியும் வந்தாய். நீ என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நீ எல்லோருக்கும் ஸலாம் சொன்னாய், பெரியப்பாவின் தலையில் முறைப்படி முத்தம் வைத்தாய், அந்த நீல அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாய். லிப்ட் வரும்வரை கூட நிற்கவில்லை, படியில் இறங்கிய செருப்புச் சத்தம் ஆறு மாடிக்கும் கேட்டது. டாக்டரம்மா எழுந்து நின்று, "வியாழக்கிழமை மதியம் பன்னெண்டு மணிக்குள்ள அந்த அறிக்கை துறைக்கு வந்தாகணும். அவளுக்குக் கொடுத்த கெடு அதோட முடியுது. வரலேன்னா பட்டம் இல்லை" என்று மட்டும் சொன்னார். காபி அப்படியே இருந்தது. இருபத்துமூன்று கோப்பை ஆறின காபியை அந்த வீட்டில் விட்டுவிட்டு லிப்ட்டில் நாலு நாலு பேராக இறங்கினோம்.

திரும்பி வரும்போது நான் அவ்வாதுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன், பின்னால் இருப்பவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று. கத்ரானா ஊரைத் தாண்டியதும் அவனாகப் பேசினான். "மாமா, ஞாயிறும் செவ்வாயும் நான்தான் மலையிலேர்ந்து ஆறு பேரைச் சிகிச்சைக்குக் கூட்டிட்டுப் போறேன். அரீஜ் போட்டுக் கொடுத்த அட்டவணை. நாலு மணி நேரம் மெஷின்ல கெடந்துட்டு வருவாங்க, திருப்பிக் கொண்டுபோய் வீட்ல விடணும்." "முன்னாடியே ஏன்டா சொல்லல?" "நீங்க எங்க கேட்டீங்க?" போன வருஷம் நம்பிக்கையான ஓட்டுநர்கள் பேர் வேண்டும் என்று நீ கேட்டாய், நான் பதினான்கு பேர் எழுதிக் கொடுத்தேன். ஏதோ அடிக்குறிப்புக்குக் கேட்கிறாய் என்று நினைத்தேன். "மத்த டிரைவருங்க பேரும் வந்துச்சு மாமா. அரீஜ் வேணாம்னுடுச்சு. எங்கப்பா காபிக்குக் கையெழுத்துப் போடாதவரு, அவரு பாஸ் போட்ட ஆளு வண்டிலதான் என் நோயாளிங்க ஏறணும்னு சொல்லுச்சு" என்றான் அவ்வாத். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கரக் வரும்வரை திரும்பவில்லை. என் பெயரை வைத்து நீ வண்டி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாய். அந்தப் பெயரைத்தான் நான் ஆறாவது மாடியில் தொலைத்துவிட்டு வருகிறேன்.

வெட்கமாக இருக்கிறது அரீஜ். தொழப் போனால் முன் வரிசையில் நிற்க முடியவில்லை. பர்ஜஸ் கடைக்குப் போகவில்லை, மூன்று நாளாக உன் தம்பிதான் ரொட்டி வாங்கி வருகிறான். உன் இளங்கலைப் பட்டமளிப்பில் நாங்கள் நாற்காலி மேல் ஏறி நின்று பாடியதில் விழாவே நின்றுபோனதே, அன்றைக்கு நீ சிரித்தாய், அதைச் சந்தோஷம் என்று நினைத்தேன். இப்போது அந்தப் போட்டோவை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். அது சந்தோஷம் இல்லை. என் மனம் நோகக்கூடாது என்று உன் பட்டத்தின் வழியையே மாற்றிக்கொண்டாய், அதை என்னிடம் சொல்லவும் உனக்கு இடம் கொடுக்காமல் வளர்த்திருக்கிறேன்.

உன் அத்தை போனில் சொன்னாள், அறிக்கையைக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டாயாம், இனி அந்தத் துறை வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பேன் என்கிறாயாம். உன் முகத்தில் ஒரு குறையும் இல்லை. கரி பூசிக்கொண்டது நான். தயவுசெய்து வியாழக்கிழமை போய் அந்த அறிக்கையைக் கொடுத்துவிடு. அன்று நான் வீட்டுக் கதவைத் தாண்டி வெளியே வர மாட்டேன். சாவி உன் அம்மாவிடம் இருக்கும். இனி உன் காரியமாக நான் ஒரு மனிதனைக்கூட எங்கேயும் கூட்டிக்கொண்டு வர மாட்டேன். பஸ், கோஸ்டர், கார், எதிலும் வர மாட்டேன். இது சத்தியம்.

இறைவன் உன் கை தொட்டவர்களுக்கெல்லாம் சுகத்தைத் தரட்டும், உன் பல்வலி தீரட்டும். உன் அம்மா, தம்பிகள், ஆடுகள் எல்லோருடைய ஸலாமும் சேர்த்து. அத்தைக்கும் ஸலாம், அவள் என்னை வைத வசவுகள் எல்லாம் வந்து சேர்ந்தன என்றும் சொல்.

உன் மன்னிப்பை வேண்டும்,
தேறாத தந்தை,
ஹாயெல்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது உன் பெரியப்பா வந்துவிட்டார், பிடுங்கிப் படித்தார். "மானத்தை வாங்குனது பஸ்ல போயி, மன்னிப்பு மட்டும் கடுதாசில போவுமா?" என்கிறார். ஆள் திரட்டிச் செய்த தப்புக்கு ஆள் திரட்டித்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதுதான் முறையாம். சத்தியம் பண்ணிவிட்டேன் என்றேன். "நீதானே பண்ணுன, நான் பண்ணலையே" என்கிறார். உன் அம்மாவாவது என் பக்கம் நிற்பாள் என்று பார்த்தால், "இந்த ஒரு தடவ உங்க அண்ணன் சொல்றது சரி" என்கிறாள். ஆகவே புதன்கிழமை மாலைத் தொழுகை முடிந்ததும் உன் அத்தை வீட்டுக்கு வருகிறோம். முப்பத்தொரு பேர். பர்ஜஸும் வருகிறான். அவ்வாத் தன் நோயாளிகள் ஆறு பேரையும் ஏற்றிக்கொள்கிறான், புதன்கிழமை அவர்களுக்குச் சிகிச்சை இல்லையாம், அவர்களுக்கும் உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறதாம். அத்தையிடம் சொல்லி நல்ல கசப்புக் காபியாகப் போடச் சொல். கோப்பையை என் முன்னால்தான் வைப்பார்கள். அறிக்கையைக் கொடுக்கிறேன் என்று நீ சொல்லும்வரை நான் அதைத் தொடக்கூடாது, அதுதான் முறை. ஆனால் நீ மாட்டேன் என்று சொன்னாலும் நான் எடுத்துக் குடித்துவிடுவேன் தாயே. பெரியப்பாவுக்கு இது தெரிய வேண்டாம், தெரிந்தால் பஸ்ஸில் ஏற மாட்டார்.